வராத கடன், வந்த வெள்ளம்: நேபாளத்து ஆறுகளும் அயல்நாட்டுப் பணமும்

"பசுமையான, தாங்குதிறன் கொண்ட, அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி." 2021 செப்டம்பரில் நேபாள அரசும் பதினைந்துக்கும் மேற்பட்ட நாடுகளும் வங்கிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட காட்மாண்டு பிரகடனத்தின் சாரம் இதுதான். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கிரிட்' என்று பெயர் வைத்தார்கள். மின்கட்டமைப்புக்கும் கிரிட் என்றுதான் பெயர், அதனால் சொல்ல வசதியாக இருந்திருக்கும். ஏற்கனவே ஒப்புக்கொண்ட பணம் போக, இன்னும் நானூறு கோடி டாலர் அளவுக்கு வரலாம் என்றும் அப்போது பேச்சு அடிபட்டது.

இந்த மாதிரி வாசகங்களைப் படிக்கும்போது எனக்கு ஒரு பழக்கம். ஒவ்வொரு பெயரடையையும் பிடித்துக்கொண்டு, "இது இல்லாமல் முன்பு என்ன நடந்தது?" என்று கேட்டுப் பார்ப்பேன். 'அனைவரையும் உள்ளடக்கிய' என்று எழுதுகிறார்கள் என்றால், யாரையோ உள்ளடக்காமல் செய்து கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். 'தாங்குதிறன்' என்றால் எதுவோ தாங்காமல் போயிருக்கிறது. சாஃப்ட்வேரில் ஒரு விசித்திரமான if கண்டிஷனைப் பார்த்தால் அதற்குப் பின்னால் ஒரு பழைய பிரச்சினை ஒளிந்திருக்கும் இல்லையா, அதே கதைதான். நேபாளத்தின் விஷயத்தில் அந்தப் பழைய கதைகள் எல்லாமே ஆற்றங்கரையில் நடந்தவை. அவற்றில் நான்கைந்தை இங்கே எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப்போவதில்லை. அருண்-3 எனக்குப் பிடித்த கதை, அது கொஞ்சம் நீளும்.

முதலில் நிலவியலை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். தெற்கே கடல்மட்டத்திலிருந்து 60 மீட்டர் உயரத்தில் நெல் விளைகிறது, வடக்கே 8848 மீட்டரில் எவரெஸ்ட் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் 200 கிலோமீட்டர்கூடக் கிடையாது. இவ்வளவு செங்குத்தாக விழும் தண்ணீரைப் பார்க்கும் எந்த இன்ஜினியருக்கும் மெகாவாட்தான் கண்ணில் படும். அதே செங்குத்துதான் மண்ணையும் பாறையையும் பாலத்தையும் சேர்த்துக் கீழே கொண்டுவருகிறது.

அருண்-3

கிழக்கு நேபாளத்தில் சங்குவாசபா மாவட்டம். திபெத்தில் பிறந்து, இமயமலையையே குறுக்காக வெட்டிக்கொண்டு வருகிறது அருண் நதி. 1990-களின் தொடக்கத்தில் அதன் குறுக்கே 201 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்றைக் கட்ட ஏற்பாடு நடந்தது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜெர்மனி என்று ஒரு கூட்டணி பணம் தருவதாக இருந்தது. மொத்தச் செலவு நூறு கோடி டாலருக்கும் மேல்.

இந்த எண்ணை வேறு இரண்டு எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது நேபாளம் முழுக்க இருந்த மின் உற்பத்தித்திறன் சுமார் 250 மெகாவாட். அரசின் ஒரு வருஷ பட்ஜெட் இந்தத் திட்டச் செலவை விடக் குறைவு. அதாவது ஒரு நாடு தன் மொத்த வருஷ பட்ஜெட்டை விடப் பெரிய தொகையை, ஒரே ஆற்றின் ஒரே இடத்தில் போடப் போகிறது. அங்கே போய்ச் சேரவே ரோடு கிடையாது. சுமார் 120 கிலோமீட்டர் மலைப்பாதையை முதலில் வெட்ட வேண்டும்.

உலக வங்கியின் பங்கு 'ஐடிஏ' கடனாக வருவதாக இருந்தது. ஏழை நாடுகளுக்கான சலுகைக் கடன் அது. அந்தக் காலத்தில் நாற்பது வருஷத் தவணை, முதல் பத்து வருஷம் அசல் கட்ட வேண்டாம், சேவைக் கட்டணம் 0.75 சதவீதம். கேட்டால் கிட்டத்தட்ட இலவசம் மாதிரி இருக்கிறது. ஆனால் கடனோடு நிபந்தனைகளும் வந்தன. மின்கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்பது அதில் ஒன்று. எழுதப்படாத நிபந்தனை இன்னும் பெரியது: அரசின் கையில் இருக்கும் பணமும் ஆட்களும் பத்து வருஷத்துக்கு இந்த ஒரே திட்டத்துக்குள் போய்விடும், சின்னத் திட்டங்களுக்கு மிச்சமிருக்காது.

இதைத்தான் காட்மாண்டுவில் ஒரு சிறு கூட்டம் விடாமல் கேட்டது. இன்ஜினியர்கள், வக்கீல்கள், சில பொருளாதார ஆட்கள். "அணையே வேண்டாம்" என்று அவர்கள் சொல்லவில்லை. அதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் கேட்டது, "நம்ம ஆட்களே கட்டக்கூடிய அளவில் பத்து சின்னத் திட்டங்களை வைத்தால் இதே மின்சாரம் இதைவிடக் குறைந்த செலவில் வராதா?" என்று. பிகாஸ் பாண்டே போன்றவர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டே காட்டினார்கள்.

இந்த நேரத்தில் வாஷிங்டனில் தற்செயலாக ஒரு கதவு திறந்தது. நர்மதா விவகாரத்தில் அடிவாங்கிய உலக வங்கி, தன் திட்டங்களால் பாதிக்கப்படுகிறவர்கள் நேரடியாகப் புகார் கொடுக்க 1993-ல் 'ஆய்வுக் குழு' ஒன்றை உருவாக்கியிருந்தது. அது 1994-ல் வேலையைத் தொடங்கியது. அந்த அக்டோபர் மாதமே முதல் புகார் வந்து சேர்ந்தது. உலக வங்கியின் ஆய்வுக் குழு வரலாற்றிலேயே முதலாம் எண் புகார் அருண்-3 மீதுதான். புகார் கொடுத்தவர்களில் அருண் பள்ளத்தாக்கைச் சேர்ந்த இரண்டு பேர் தங்கள் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்கள்.

பெயர் வேண்டாம் என்று சொன்ன அந்த இரண்டு பேரைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். 120 கிலோமீட்டருக்கு ரோடே இல்லாத ஊரில் இருந்துகொண்டு, வாஷிங்டனில் இருக்கும் ஒரு வங்கியிடம், "உன் சொந்த விதியை நீயே மீறுகிறாய்" என்று சொல்வது சாதாரண விஷயமில்லை. விதி அவர்கள் எழுதியதல்ல, வங்கியே எழுதியது. சுற்றுச்சூழல் மதிப்பீடு, நிலம் இழப்பவர்களின் மறுவாழ்வு, பழங்குடி மக்கள் குறித்த கொள்கை என்று மூன்று விஷயங்களில் விசாரிக்கலாம் என 1995 பிப்ரவரியில் வங்கியின் இயக்குநர் குழு அனுமதி கொடுத்தது.

விசாரணையில் நிறைய நேரம் போனது அணையைப் பற்றி இல்லை, அந்த ரோட்டைப் பற்றி! முதலில் மலைமுகட்டு வழியாகப் போவதாக இருந்த பாதையைப் பிறகு பள்ளத்தாக்கு வழிக்கு மாற்றினார்கள். பாதை மாறினால் பாதிக்கப்படும் ஊர் மாறும், காடு மாறும், பழைய பாதையை நம்பி இருந்தவர்களின் கணக்கும் மாறும். ஆனால் அதற்கேற்ற அளவுக்கு மதிப்பீடு திரும்பச் செய்யப்படவில்லை என்பது முக்கியமான கேள்வியானது. எந்தப் பெரிய ப்ராஜெக்ட்டிலும் இதைப் பார்க்கலாம். நடுவில் ரெக்வயர்மென்ட் மாறும், டெஸ்ட் மட்டும் பழையதாகவே இருக்கும்.

1995 ஜூனில் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் உலக வங்கித் தலைவராகப் பொறுப்பேற்றார். அதே மாதம் ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்தது. ஆகஸ்டில் வங்கி அருண்-3-லிருந்து விலகுவதாக அறிவித்தது. மற்றவர்களும் கலைந்தார்கள்.

இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. இன்றுவரை நேபாளத்தில் இதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும்.

முதல் பதில்: "நல்ல வேளை." அருண்-3 போன பிறகு 2000-ல் கிம்தி 60 மெகாவாட், அடுத்த வருஷம் போட்டே கோசி 36, 2002-ல் காளி கண்டகி 'ஏ' 144, 2003-ல் சிலிமே 22. கூட்டினால் 262 மெகாவாட். வராமல் போன 201-ஐ விட அதிகம். அதில் சிலிமேயை நேபாள மின்வாரியமும் அதன் ஊழியர்களும் சேர்ந்து, உள்நாட்டுப் பணத்தில் கட்டினார்கள். கட்டிய அனுபவம் நாட்டுக்குள்ளேயே தங்கியது.

இரண்டாவது பதில்: "நம்ம தலையில் நாமே மண்ணைப் போட்டுக்கொண்டோம்." 2008-க்குப் பிறகு காட்மாண்டு குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம்வரை இருட்டில் கிடந்தது. எந்தப் பேட்டையில் எப்போது கரண்ட் வரும் என்ற அட்டவணையை ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்த காலம். அருண்-3 இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்குமா என்று கேட்கிறார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1996 முதல் 2006 வரை பத்து வருஷம் மாவோயிஸ்ட் உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தக் காலத்தில் ரோடே இல்லாத பள்ளத்தாக்கில் நூறு கோடி டாலர் திட்டம் குறித்த நேரத்தில் முடிந்திருக்கும் என்று நம்ப நிறைய தைரியம் வேண்டும். தவிர, 2008 ஆகஸ்டில் கோசி நதி கரையை உடைத்துக்கொண்டு ஓடியபோது இந்தியாவிலிருந்து மின்சாரம் வந்துகொண்டிருந்த கம்பித்தடமும் சேர்ந்து போனது. இருட்டுக்குப் பல அப்பாக்கள்.

ஆனால் முதல் பதிலும் முழு உண்மை இல்லை. கிம்தியும் போட்டே கோசியும் அயல்நாட்டு முதலீட்டில் வந்த தனியார் திட்டங்கள். அவற்றின் மின்சாரத்தை வாங்க மின்வாரியம் போட்ட ஒப்பந்தம் டாலர் கணக்கில். மழைக்காலத்தில் மின்சாரம் தேவைப்படாவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவுக்குப் பணம் கட்டியாக வேண்டும். நேபாள ரூபாய் சரியச் சரிய, மின்வாரியத்தின் நஷ்டம் ஏறிக்கொண்டே போனது. சின்னது என்பதாலேயே மலிவு என்று ஆகிவிடாது. யாருடைய நாணயத்தில் கடன், ரிஸ்க் யார் தலையில் என்பதும் விலையில் சேர்த்தி.

ஒரு சுவாரஸ்யமான பின்குறிப்பு. அதே அருண்-3 இப்போது 900 மெகாவாட்டாக எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்திய அரசு நிறுவனமான எஸ்ஜேவிஎன் கட்டுகிறது. 2018 மே மாதம் மோடியும் ஒலியும் காட்மாண்டுவிலிருந்தே பட்டனை அழுத்தி அடிக்கல் நாட்டினார்கள். உற்பத்தியாவதில் 21.9 சதவீதம் நேபாளத்துக்கு இலவசம். முன்பு கடன் கொடுத்துக் கட்டச் சொன்னவர்கள் போய், தானே கட்டி எடுத்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார். எது மேல் என்பது ஒரு தனிப் பதிவுக்கான விஷயம்.

பங்கு என்றால் என்ன

'உள்ளடக்கிய' என்ற பெயரடையை இங்கே கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். சிலிமே திட்டம் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கியது. அது அமைந்திருக்கும் ரசுவா மாவட்டத்து மக்களுக்கு நிறுவனத்தின் பத்து சதவீதப் பங்கு. பிறகு 456 மெகாவாட் அப்பர் தாமாகோசி வந்தபோது, தோலகா மாவட்டத்து மக்களுக்கும் அதே பத்து சதவீதம். இந்த அப்பர் தாமாகோசியின் சிறப்பு, அதில் அயல்நாட்டுக் கடன் இல்லை. அரசு ஊழியர்களின் சேமநிதி, நேபாள டெலிகாம், காப்பீட்டு நிறுவனம் என்று எல்லாம் உள்நாட்டுப் பணம். 2021 ஜூலையில் திறந்தார்கள்.

கேட்க அழகாக இருக்கிறது. ஆற்றங்கரையில் இருக்கிறவரே மின் நிலையத்தின் பங்குதாரர். ஆனால் பங்கு என்பது இலவசம் இல்லை, காசு கொடுத்து வாங்க வேண்டும். கையில் காசு இருக்கிறவர் வாங்கினார், இல்லாதவர் கடன் வாங்கி வாங்கினார், அதுவும் முடியாதவர் வேடிக்கை பார்த்தார். விலை ஏறினால் எல்லோரும் பேசுவார்கள். திட்டம் இழுத்துக்கொண்டே போய் வட்டி ஏறினால் அந்தக் கடன் வாங்கியவர்தான் தூக்கம் கெடுவார். அப்பர் தாமாகோசி பல வருஷம் தாமதம். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அதன் மேல் பெரிய மண்சரிவு விழுந்து சில மாதங்கள் உற்பத்தி நின்றது. அரசாங்கத்துக்கு அது ஒரு காலாண்டு நஷ்டம். பங்கு வாங்கப் பட்ட கடனைக் கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு அது வேறு கணக்கு.

மேலம்சியின் மூன்று மாதம்

காட்மாண்டுவில் குழாயில் தண்ணீர் வருவது என்பது ஒரு தலைமுறையின் கனவு. வடகிழக்கே இருக்கும் மேலம்சி ஆற்றிலிருந்து 26 கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து, நாளைக்கு 17 கோடி லிட்டர் கொண்டுவருவது திட்டம். 1990-களில் பிரதமராக இருந்த கிருஷ்ண பிரசாத் பட்டராய் மேலம்சித் தண்ணீரால் காட்மாண்டு வீதிகளைக் கழுவுவேன் என்று சொன்னதை ஊரே முப்பது வருஷம் சொல்லிக் கிண்டலடித்தது.

முக்கியப் பணம் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன். கூட வந்த நார்வேயும் ஸ்வீடனும் நடுவில் விலகின. சுரங்கம் தோண்டிய இத்தாலிய ஒப்பந்தக்காரர் 2018-ல் பாதியில் விட்டுப்போனார். எப்படியோ 2021 மார்ச்சில் தண்ணீர் காட்மாண்டுவுக்கு வந்துவிட்டது. ஜனங்கள் குழாயைத் திறந்து படம் எடுத்துப் போட்டார்கள்.

2021 ஜூன் 15. மேலே பேமதாங் என்ற இடத்தில் பழங்காலப் பனியாறும் நிலச்சரிவும் விட்டுப்போன மண்ணும் கல்லும் மலையளவு குவிந்து கிடந்தன. கனமழையில் ஆறு அதை அறுத்துக்கொண்டு இறங்கியது. தண்ணீரைச் சுரங்கத்துக்குத் திருப்பும் தலைமதகு மொத்தமாக மண்ணுக்குள் புதைந்தது. கீழே மேலம்சி பஜாரில் வீடுகள், பாலங்கள், வயல்கள் போயின, உயிர்களும் போயின.

எத்தனையோ வருஷம் இழுத்த திட்டம் வேலை செய்தது சுமார் மூன்று மாதம்.

இதைப் படிக்கும்போது எனக்கு உறைத்தது என்னவென்றால், சுரங்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பல வருஷமாக எல்லோரும் பயந்தது சுரங்கத்தைப் பார்த்துத்தான். பாறை இடியுமா, ஒப்பந்தக்காரர் ஓடுவாரா, கேட் தாங்குமா என்றுதான் கவலை. உடைந்தது திட்டத்தின் வரைபடத்துக்கே வெளியே, பல கிலோமீட்டர் மேலே இருந்த ஒரு மண்குவியல். மதகை வடிவமைக்கும்போது ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுவார்கள். நூறு வருஷ வெள்ளம், ஆயிரம் வருஷ வெள்ளம் என்று. ஆனால் இமயமலையில் வருவது தண்ணீர் மட்டும் இல்லை. தண்ணீரும் சேறும் வீடு அளவு பாறையும் சேர்ந்த ஒரு கலவை. அதற்குப் பழைய அளவீட்டுப் புத்தகத்தில் வரிசை கிடையாது. 'காலநிலை தாங்குதிறன்' என்று பிரகடனத்தில் எழுதியவர்களுக்கு, மூன்று மாதத்துக்கு முந்தைய இந்தக் காட்சி கண்முன்னே நின்றிருக்க வேண்டும். தேதியைப் பாருங்கள்: வெள்ளம் ஜூன், பிரகடனம் செப்டம்பர்.

இப்போது மேலம்சி தண்ணீர் காட்மாண்டுவுக்கு வருகிறது, ஆனால் தற்காலிக ஏற்பாட்டில், வறண்ட மாதங்களில் மட்டும். மழை தொடங்கினால் சுரங்கக் கதவை மூடிவிடுகிறார்கள். கடனுக்குத் தவணை மட்டும் பன்னிரண்டு மாதமும் ஓடும்.

ஏரியின் வாயில் ஒரு சைரன்

பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, தான் தள்ளிக்கொண்டு வந்த கல்லையும் மண்ணையும் கரை மாதிரி விட்டுப்போகும். மொரைன் என்பார்கள். அதற்குப் பின்னால் உருகிய நீர் தேங்கி ஏரியாகும். சிமெண்ட் கிடையாது, இரும்பு கிடையாது. உதிரி மண், சில இடத்தில் உள்ளே பனிக்கட்டி. மேலிருந்து ஒரு பனிச்சரிவு ஏரியில் விழுந்தால் அலை எழும்பும், கரை அறுபடும், சில மணி நேரத்தில் மொத்த ஏரியும் பள்ளத்தாக்கில் இறங்கிவிடும்.

நேபாளத்துக்கு இந்தப் பாடத்தை எடுத்தது டிக் சோ என்ற ஏரி. 1985 ஆகஸ்ட் 4. எவரெஸ்ட் வட்டாரத்தில், நாம்சே பஜாருக்கு மேற்கே தாமே பக்கம், ஆஸ்திரிய உதவியில் ஒரு சிறு நீர்மின் நிலையம் கிட்டத்தட்டக் கட்டி முடிந்திருந்தது. ஏரி உடைந்து வந்து அதை முழுசாக எடுத்துக்கொண்டு போனது. கூடவே 14 பாலங்கள். ஆஸ்திரியா கையை உதறிவிட்டுப் போகவில்லை. அதே வட்டாரத்தில் சுமார் 600 கிலோவாட்டில் இன்னொரு நிலையம் கட்ட உதவியது. 1990-களின் நடுவில் அது ஓடத் தொடங்கியது. அதை நடத்துவது உள்ளூர் மக்கள் நிறுவனம். உதவி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வரும் உதாரணம் இது. முதல் முயற்சியை வெள்ளம் அடித்துப்போன பிறகும் திரும்பி வந்தார்கள், வந்து சாவியை ஊர்க்காரர் கையில் கொடுத்தார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ரோல்வாலிங் பள்ளத்தாக்கின் சோ ரோல்பா ஏரி. நாட்டின் மிகப் பெரிய பனியாற்று ஏரிகளில் ஒன்று. 1997-ல் அது உடையப்போகிறது என்று பீதி கிளம்பி, கீழே இருந்த ஊர்களைக் காலி செய்தார்கள். பிறகு 1998-ல் அயல்நாட்டு நிதியில் எச்சரிக்கை அமைப்பு பொருத்தப்பட்டது. ஏரி வாயில் சென்சார், கீழே ஊர் ஊராக சைரன். 2000-ல் நெதர்லாந்து உதவியில் கால்வாய் வெட்டி நீர்மட்டத்தை மூன்று மீட்டர் இறக்கினார்கள். இந்தக் கால்வாய் வேலை நல்ல வேலை, அது நின்றது. சைரன்களோ சில வருஷத்துக்குள் ஊமையாகிவிட்டன. போர்க்காலம், பராமரிக்க ஆள் போக முடியாது, பேட்டரியும் சோலார் தகடும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

சோலார் தகடு திருட்டு என்றதும் சில அறிக்கைகள் "சமூக விழிப்புணர்வு போதாமை" என்று முடித்துவிடும். எனக்கு அந்தச் சொற்றொடரைக் கண்டாலே எரிச்சல் வரும். வீட்டில் ஒரு பல்பு எரிய வழியில்லாத ஊரில், வருஷக்கணக்காக ஒருமுறைகூட ஒலிக்காத சைரனுக்கு மட்டும் சூரிய மின்சாரம் போட்டு வைத்தால் என்ன ஆகும்? அந்தத் தகட்டிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கோ டீக்கடைக்கோ விளக்கு கொடுத்திருந்தால், தகட்டை யாரும் தொட விடாமல் ஊரே காவல் காத்திருக்கும் என்பது என் எண்ணம். தினமும் பயன்படாத எதுவும் அவசரத்தில் வேலை செய்யாது. இதை சர்வர் பேக்கப் எடுக்கிற எவரும் சொல்வார்கள்.

2016-ல் இம்ஜா ஏரி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5000 மீட்டர். ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் உலகச் சுற்றுச்சூழல் நிதியும் பணம், நேபாள ராணுவம் உழைப்பு. அந்த உயரத்தில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். ஏரியை 3.4 மீட்டர் இறக்கினார்கள்.

தொங்குபாலம்

பிரகடனங்களில் அதிகம் இடம் பெறாத ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. நேபாளத்தில் ஆற்றைக் கடக்கும் நடைபாதைத் தொங்குபாலங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஸ்விட்சர்லாந்து 1970-களிலிருந்தே இதில் கூட இருந்தது. இங்கே ஸ்விஸ்காரர்கள் செய்த நல்ல காரியம் பாலம் கட்டியது இல்லை, பாலத்தை ஒரு ஸ்டாண்டர்டு டிசைனாக ஆக்கியது. 120 மீட்டர்வரை உள்ள பாலங்களுக்கு வரைபடமும் அட்டவணையும் தயார். அகலத்தை அளந்தால் எத்தனை கேபிள், எவ்வளவு கல் என்று அட்டவணை சொல்லிவிடும். எஃகுக் கேபிள் வெளியிலிருந்து வரும், மனிதர்கள் வரிசையாகத் தோளில் பாம்பு மாதிரி சுமந்துகொண்டு மலையேறுவார்கள். கல், மணல், உழைப்பு ஊருடையது.

வேலைக்கு ஊர்ப் பயனாளர் குழு. அதில் பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் இடம் கட்டாயம். முடிந்ததும் பொதுக் கணக்குத் தணிக்கை: எல்லோரையும் கூப்பிட்டு, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும். நம்ம ஊரில் கோயில் திருவிழாக் கணக்கு வாசிப்பது மாதிரி. திருடினால் மறுநாள் அதே பாலத்தில் எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சமூகக் காடுகளும் இதே வகைதான். 1993 வனச்சட்டத்துக்குப் பிறகு இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்க் குழுக்களின் கையில் காடு போனது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நாசா உதவியோடு செய்த ஆய்வில், 1992-ல் நாட்டின் பரப்பில் 26 சதவீதமாக இருந்த காடு 2016-ல் 45 சதவீதம். எல்லாப் பெருமையையும் குழுக்களுக்கே கொடுத்துவிட முடியாது. இளைஞர்கள் கத்தாருக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டதால் மலைச்சரிவு வயல்கள் தரிசாகி, தானே புதராகி மரமானதும் உண்டு. அவர்கள் அனுப்பும் பணம் இன்று நாட்டின் மொத்த உற்பத்தியில் கால் பங்கு. எந்த டோனரும் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்தப் பணத்துக்குப் பிரகடனமும் இல்லை, லோகோவும் இல்லை.

இனி

கொடுக்கிறவர்களின் வரிசையும் மாறிக்கொண்டிருக்கிறது. 2025-ல் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் மூடப்பட்டபோது நேபாளத்தில் பல திட்டங்கள் அப்படியே நின்றன. அதே அமெரிக்காவின் இன்னொரு திட்டமான எம்சிசி, 400 கிலோவோல்ட் மின்தடம் போட 50 கோடி டாலர் மானியம் தருவது. அதை ஏற்கலாமா கூடாதா என்று காட்மாண்டுத் தெருவில் கல்வீச்சு நடந்து, 2022 பிப்ரவரியில்தான் நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தது. இலவசப் பணத்துக்கு ஏன் கல்வீச்சு என்று வெளியே இருந்து பார்த்தால் வியப்பாக இருக்கும். அருண்-3 கதை தெரிந்தவருக்கு அவ்வளவு வியப்பு இருக்காது.

'குறைந்த வளர்ச்சி நாடுகள்' பட்டியலிலிருந்து நேபாளம் வெளியேற ஐ.நா. குறித்திருக்கும் நாள் 2026 நவம்பர் 24. கௌரவம்தான். கூடவே அந்தப் பட்டியலுக்கென்றே இருக்கும் சில சலுகைகளும் காலநிலை நிதியும் படிப்படியாகக் கைநழுவும். இம்ஜா ஏரியை இறக்கிய பணம் அப்படிப்பட்ட ஒரு நிதியிலிருந்து வந்ததுதான்.

ஏரிகள் காத்திருப்பதில்லை. 2020-ல் வெளிவந்த கணக்கெடுப்பு, நேபாளத்து ஆறுகளின் தலைப்பகுதியில் 47 ஏரிகள் ஆபத்தானவை என்றது. அதில் 21 நேபாளத்துக்குள், 25 திபெத்தில், ஒன்று இந்தியாவில். எதை முதலில் இறக்குவது என்பதை இந்தப் பட்டியலை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

2024 ஆகஸ்ட் 16 அன்று அதே தாமே கிராமத்தில், எவரெஸ்ட்டில் அதிக முறை ஏறிய காமி ரீதா ஷெர்பாவின் ஊரில், மறுபடியும் வெள்ளம். வீடுகள், பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம் போயின. பகல் நேரமாக இருந்ததால் உயிர்கள் தப்பின. வந்தது தியான்போ என்ற இடத்துச் சின்ன ஏரிகளிலிருந்து. அவை பட்டியலில் இல்லை. 2025 ஜூலை 8 அன்று ரசுவாவில் சீன எல்லையின் நட்புப் பாலத்தை அடித்துக்கொண்டு போய், வரிசையாக நீர்மின் நிலையங்களை நிறுத்திய வெள்ளம் வந்தது திபெத்துப் பக்கத்தில் பனியாற்றின் முதுகிலேயே தேங்கியிருந்த ஒரு குட்டையிலிருந்து. அதுவும் பட்டியலில் இல்லை.